நெருங்கிய உறவினர் ஒருவர் மட்டும்

"வேலைக்கு இருக்கிறவங்களுக்கெல்லாம் பாஸ் கிடையாதும்மா. அஞ்சு நாளா இதையேதான் சொல்லிட்டிருக்கேன்."

செக்யூரிட்டி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. விரல் மட்டும் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த தாளைக் காட்டியது.

தொற்றுப் பரவல் காரணமாக, நோயாளிக்கு நெருங்கிய உறவினர் ஒருவர் மட்டும். மாலை நான்கு மணி. பதினைந்து நிமிடம்.

அவளுக்கு அந்தத் தாள் மனப்பாடம். அதைக் கிழித்து இந்த மனுஷன் வாயிலேயே திணித்தால் என்ன என்று ஐந்து நாளாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே கிடக்கும் பெரியவரை இரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறவள் அவள். குளிப்பாட்டி, துடைத்து, முதுகில் புண் வந்துவிடாமல் புரட்டிப் புரட்டிப் படுக்கவைத்து, அவர் முனகலுக்கெல்லாம் அர்த்தம் தெரிந்துவைத்திருப்பவள்.

அவருக்குத் தண்ணீர் கொடுப்பதற்கே ஒரு பக்குவம் உண்டு. அப்படியே கொடுத்தால் புரையேறி நெஞ்சுக்குள் போய்விடும். பவுடர் கலந்து கூழ் மாதிரி ஆக்கி, தாடையைத் தாழ்த்திப் பிடித்து, ஸ்பூன் ஸ்பூனாக ஊட்ட வேண்டும். அரை டம்ளர் இறங்க அரை மணி நேரம் ஆகும்.

உள்ளே இருக்கும் நர்சுகளுக்கு ஆளுக்கு இருபது கட்டில். அரை மணி நேரத்துக்கு எங்கே போவார்கள்? அவர்கள்மேல் அவளுக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் அந்தத் தாளின்மேல்தான்.

நெருங்கிய உறவினர் இன்று மத்தியானம்தான் வந்து சேர்ந்தான். ஒரே மகன். விடிய விடியக் கார் ஓட்டியதில் கண் சிவந்திருந்தது. தாய் செத்தபோது வந்தவன், ஏழு வருடம் கழித்து இப்போதுதான் வருகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுவான். அவள்தான் போனைப் பெரியவர் காதில் பிடிப்பாள். குக்கரில் மூன்றாவது விசில் வருவதற்குள் பேசி முடித்துவிடுவான்.

மேஜையில் குனிந்து படிவத்தை நிரப்பினான். வயது என்ற இடத்தில் பேனா நின்றது. திரும்பி அவளைப் பார்த்தான்.

"எழுபத்தாறு" என்றாள்.

ரத்த வகை. சர்க்கரை உண்டா. ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது. ஒவ்வொரு கட்டத்திலும் பேனா நின்றது. ஒவ்வொன்றுக்கும் அவள்தான் பதில் சொன்னாள். செக்யூரிட்டி காதில் அதெல்லாம் விழுந்துகொண்டுதான் இருந்தது.

உறவு என்ற கட்டத்தில் மட்டும் பேனா நிற்கவில்லை. மகன்.

பாஸில் சீல் விழுந்தது.

"இவ்வளவு நேரம் பதில் சொன்னது யாரு சார்? அந்தக் கட்டத்துல எழுத எனக்கு ஒரு வார்த்தை இல்லையா?"

"நான் என்னம்மா பண்றது? மேலிடத்து உத்தரவு."

"உங்க மேலிடம் ஒரு நாள் எழுந்திரிக்க முடியாம படுக்கட்டும். அப்போ தெரியும்."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றாள்.

பவுடர் கலந்த தண்ணீர் இருந்த ஃபிளாஸ்க்கை மகன் கையில் திணித்தாள். ஸ்பூனைத் திணித்தாள். தாடை, தலையணை, ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவே எவ்வளவு பொறுக்க வேண்டும், எல்லாவற்றையும் சொன்னாள். வழி கேட்டவன் தலையாட்டுவது போல அவன் "சரிக்கா, சரிக்கா" என்று தலையாட்டினான்.

கவச உடைக்குள் அவனை நுழைத்து, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி உள்ளே அனுப்பினார்கள்.

அவள் உட்காரவில்லை. கதவோரமே நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பதினைந்தாவது நிமிடம் அவன் வெளியே வந்தான். நெற்றியில் கண்ணாடியின் தடம். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"குடிச்சிட்டார்க்கா. முழுசும்."

ஃபிளாஸ்க்கைக் கவிழ்த்துக் காட்டினான். ஒரு சொட்டு விழவில்லை.

ஐந்து நாள் கழித்து அவளுக்கு நிம்மதியாக இருந்தது. இவனைப் போய் மனசுக்குள் என்னவெல்லாம் திட்டினோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது பொய்யில்லை போலிருக்கிறது. மகன் கை என்றதும் மனுஷனுக்குத் தொண்டை திறந்துகொண்டதோ என்னவோ.

அவன் சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தான்.

"கண்ணாடி பூரா ஆவி. வரிசையா எல்லாரும் ஒரே மாதிரி படுத்திருக்காங்க. ஆனா அப்பாவுக்கு என்னைத் தெரிஞ்சிடுச்சுக்கா. கிளம்பும்போது ரெண்டு கையாலயும் என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டார். விடவே இல்ல. நர்ஸ் வந்துதான் ஒவ்வொரு விரலாப் பிரிச்சு விட்டாங்க."

"ரெண்டு கையாலயுமா?"

"ஆமாக்கா."

அவள் திரும்பிக் கண்ணாடிக் கதவை ஓங்கி அறைந்தாள். மறுபடி அறைந்தாள். தாள் ஒரு மூலையில் பிய்ந்து தொங்கியது.

"டைம் முடிஞ்சுதும்மா. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். நாளைக்கு நாலு மணிக்கு வாங்க" என்றபடி செக்யூரிட்டி உள்பக்கமாகத் தாழ் போட்டார்.

பக்கவாதம் வந்த நாளிலிருந்து பெரியவரின் வலது கை ஒரு விரலைக்கூட அசைத்ததில்லை. காலையில் அதை எடுத்து அவர் மடியில் வைப்பவளும், ராத்திரி எடுத்துக் கட்டிலில் கிடத்துபவளும் அவள்தான்.