தபசு காலம்

"மீன் வேணாம், கெங்கம்மா. எங்களுக்குத் தபசு காலம். ஒருபொழுது" என்றாள் லூயிசா, கதவைப் பாதி மட்டும் திறந்து. "இந்த வருஷம் மீனையும் விட்டாச்சு."

ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள் வேதக்காரர்கள் நோன்பு இருப்பது, சாந்தோமில் தெருத்தெருவாக மீன் விற்கும் கெங்கம்மாவுக்குத் தெரிந்த சங்கதிதான். கூடையை இறக்காமலே நின்றாள். ஆடிக்காற்று புழுதியை வாரி அவள் முகத்தில் அடித்தது.

"சாரு இல்லியா?"

"வேலை தேடிப் போயிருக்கார்."

பவுல்சாமி சர்க்கார் குமாஸ்தாவாக இருந்தவர். உலகமெல்லாம் பணமுடை, செலவைக் குறைக்கிறோம் என்று சர்க்கார் ஆட்களைக் குறைத்தது. மிஞ்சியவர்களுக்குச் சம்பளம் குறைந்தது. பவுல்சாமிக்கு வேலையே போயிற்று. பாவம், அன்றிலிருந்து மனுஷன் நடையாய் நடக்கிறார்.

"புள்ளைங்க சத்தமே காணோமே?"

"தூங்குதுங்க. அதுங்களும் ஒருபொழுதுதான். அப்பாவுக்கு வேலை கெடைக்கணும்னு வேண்டுதல்."

"இன்னா பக்தி" என்று சொல்லிவிட்டு கெங்கம்மா நடையைக் கட்டினாள்.

லூயிசா கதவைச் சாத்திக்கொண்டு மாதா படத்தின் முன் முழங்காலிட்டாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. என்ன கேட்டாளோ, மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

உச்சிவெயிலில் மறுபடியும் கதவு தட்டப்பட்டது. கெங்கம்மாதான். இந்தத் தடவை மீன் கூடை இல்லை. இடுப்பில் துணி மூடிய மண்பானை.

"எங்க அம்மன் கோயில்ல கூழு ஊத்துனாங்க. தொட்டுக்கக் கருவாட்டுக் கொயம்பும் கீது."

லூயிசாவின் கண் பானையை விட்டு நகரவில்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டாள்.

"ஒருபொழுதுன்னு சொன்னேனே, கெங்கம்மா. பங்குச் சாமியாருக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவார்."

உள்ளே சின்னவன் முனகினான். 'அம்மா' என்பதுகூட முழுதாய் வரவில்லை. லூயிசா திரும்பிப் பார்க்கவில்லை.

கெங்கம்மா தெருவில் யாரும் இல்லையே என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பானையை மெல்ல நிலைப்படிக்கு உள்ளே நகர்த்தி வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஈஸ்டரு போயி நாலு மாசம் ஆவுது, கண்ணு. புள்ளைங்கள எயுப்பு."