எடுக்காத விரல்

செஸ் மென்பொருள் தேர்ந்தெடுக்க என் கணவர் தனராஜுக்கு ஒரு வாரம் ஆனது. தன்னைத் தோற்கடித்த ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தார். ஒன்றுக்கு ஆடவே தெரியவில்லையாம். இன்னொன்றில் வைரஸாம். கடைசியில் சின்னப் பிள்ளைகளுக்கான ஒன்று தப்பிப் பிழைத்தது. அதில் யானை சிரிக்கும். வைத்த காயை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாம். எடுத்து எடுத்தே ஜெயித்தார்.

"பாத்தியா ரெஜினா, கம்ப்யூட்டரையே மடக்கிட்டேன். வா, உனக்கும் ஒழுங்கா ஆடக் கத்துத் தர்றேன்" என்று செஸ் போர்டை எடுத்து வைத்தார்.

கல்யாணமான நாளிலிருந்து இவரிடம் நான் வேண்டுமென்றே தோற்று வருகிறேன். தோற்றுப்போனால் இவர் சாப்பிட மாட்டார். இவர் சாப்பிடாமல் நான் சாப்பிட்டதில்லை. ஆனால் அந்தச் சிரிக்கிற யானையும் நானும் ஒன்றா என்றிருந்தது அன்று. அவர் ராஜாவை மூலைக்கு நகர்த்தியதும் என் யானையைத் தூக்கி வைத்தேன்.

"செக்மேட்."

"நான் இன்னும் கை எடுக்கலையே!" என்றார். ராஜாவின் தலையில் விரல் அப்படியே இருந்தது.

"எடுக்காதீங்க" என்றேன்.

அடுப்படிக்குப் போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டேன். தட்டைக் கழுவிவிட்டு வந்தபோதும் அவர் விரலை எடுக்கவில்லை.