பாரிக்குக்கு இன்னொரு மீன்

"இது மூணாவது மீனுங்க," என்று அடுக்களைக்குள் வந்து கணவனிடம் பொரிந்து தள்ளினாள் தோனாத்தா. "ஜெபம் முடியறதுக்குள்ள அந்த பாரிக்குக்குத் தட்டு வந்தாகணும். தின்னதும் சுவத்துல சாஞ்சு குறட்டை. இந்தக் கார்த்தேஜ்ல கிறிஸ்தவங்க நாம உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கூடுறோம், அவனுக்கு நம்ம வீடு சத்திரமாப் போச்சு. அடுத்த வாரம் வராதேன்னு சொல்லிடுங்க."

செக்குந்தோ குரலைத் தாழ்த்தினான். "சொன்னா ரோம ஆளுநர் வேற ஒற்றனை அனுப்புவாரு."

"ஒற்றனா, இவனா?"

"ஆமா. போன வருஷம் வந்தவன் ஒரு வாய் தின்னல. தூங்காம எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்தான். அதனாலதான் உன் அண்ணன் இன்னைக்குச் சுரங்கத்துல கல்லு உடைக்கிறான்."

கூடத்தில் குறட்டை நின்றது. சட்டியில் மிச்சமிருந்த பெரிய மீனை எடுத்துக்கொண்டு தோனாத்தா ஓடினாள்.

"முழிச்சிட்டீங்களா அண்ணே? இன்னும் ஒண்ணு சாப்பிட்டுட்டுத் தூங்குங்க."