வேலப்பனுக்கு ஒரு கூட்டாளி

மதுவிலக்குச் சங்கச் செயலாளர் சேஷன், தம் வீட்டில் வேலை செய்யும் கொத்தனார் வேலப்பனைக் கிழக்கேகோட்டை வைத்தியரிடம் இழுத்துவந்தார்.

"தினம் கள்ளுக்கடையில கெடக்கறான் வைத்தியரே. குடியை நிறுத்தலேன்னா வேலைக்கு வராதேன்னுட்டேன்."

"ராத்திரி உறக்கம் உண்டோ?" என்று வைத்தியர் வேலப்பனைக் கேட்டார்.

"படுத்ததும் தூங்கிருவேன். பாதி ராத்திரியில முழிப்பு வந்துரும். பெறவு விடியுற வரைக்கும் கொட்டக்கொட்ட முழிச்சுக்கிட்டு கெடப்பேன்."

"நாக்கு வறண்டு போகும். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும்" என்று சேஷன் எடுத்துக் கொடுத்தார்.

"ஸ்வாமிக்கு எப்படி அறியும்?" என்றார் வைத்தியர்.

"எத்தனை குடிகாராளைப் பார்த்திருக்கேன்!"

வைத்தியர் தலையாட்டினார். "குடி நின்னா உறக்கம் தானே வரும், வேலப்பா. தனியா நிறுத்தறது கஷ்டம். உன்னைப்போலே குடிக்கற கூட்டாளி ஒருத்தனைக் கொண்டு வா. ரெண்டு பேருக்கும் சேர்த்து சிகிச்சை தொடங்கலாம்."

வேலப்பன் கும்பிட்டுவிட்டு வாசலில் இறங்கினான். சேஷன் குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம அரிஷ்டம் ஆறு குப்பி எடுங்கோ."

"போன வாரமல்லே ஆறு கொண்டுபோனது? அது புளிக்கவெச்ச மருந்தாக்கும். அவுன்ஸ் கிளாசுக்கு மேலே போனா கள்ளுபோலே லகரி பிடிக்கும்."

"லகரியா! நான் மதுவைக் கையால தொட்டதில்லே. இது மருந்து. ராத்திரி ஒரு குப்பி முழுசா குடிச்சாத்தான் கண்ணு அசர்றது. அப்படியும் பாதி ராத்திரியில முழிப்பு வந்துடறது. இன்னும் கொஞ்சம் வீரியமா ஏதாவது இருக்கா?"

வைத்தியர் வாசலைப் பார்த்துக் கத்தினார்:

"வேலப்பா, நில்லு! கூட்டாளி கிடைச்சாச்சு."