காதுக்குப் பின்னால் ஒரு புள்ளி

"அந்த ஆளு மறுபடியும் பார்க்கிறான்டா" என்றாள் கமலம், மகன் சம்பத்தின் காதோரம்.

வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் பெண்கள் வார்டு. கட்டிலில் கிடந்தவள் கமலத்தின் மகள் எழிலரசி. ஷூ கம்பெனியில் தையல் மிஷின் வேலை. ஜுரம் வந்து ஏழு நாள். ஒடுகத்தூரில் இருந்து கொண்டுவந்து சேர்த்து மூன்று நாள் ஆகியும் ஜுரம் இறங்கவே இல்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா, அரை மயக்கத்தில் கிடந்தார். அவருக்குத் துணையாக வந்திருந்த கணவனுக்கு ஐம்பது வயது இருக்கும். நேற்றிலிருந்து அவர் கண் எழிலரசி மேலேயே இருந்தது. கழுத்தைப் பார்ப்பார். சம்பத் திரும்பினால் ஜன்னல் பக்கம் பார்ப்பார்.

"இன்னா சார் பாக்குறீங்க?" சம்பத் நேராகவே கேட்டுவிட்டான்.

"ஒண்ணுமில்ல தம்பி" என்றார். முகம் சிவந்துவிட்டது.

"பொண்டாட்டி படுத்துக் கெடக்கா. புத்தி போகுது பாரு" என்று கமலம் முணுமுணுத்தாள்.

காலை பத்து மணிக்கு கமலம் பாத்ரூம் போயிருந்த நேரம். காபி வாங்கிக்கொண்டு வந்த சம்பத், வாசலிலேயே நின்றுவிட்டான்.

அந்த ஆள் எழிலரசியின் தலைமாட்டில் குனிந்து நின்றார். அவள் முகத்துக்கும் அவர் முகத்துக்கும் ஒரு சாண் இடைவெளி. அவளுக்கு நினைவே இல்லை.

காபி எங்கே விழுந்ததென்று சம்பத்துக்குத் தெரியாது. பளாரென்று ஒரு அறை.

"தம்பி, நான் இன்னா சொல்ல வர்றேன்னா..."

"ஒண்ணும் சொல்லாத! வெளிய போ!"

வார்டே கூடிவிட்டது. "நல்லா போட்டப்பா" என்றார் ஒரு பெரியவர். செக்யூரிட்டி வந்து அந்த ஆளின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சற்று நேரத்தில் அவர் மனைவியையும் வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

"பேஜார் விட்டுது, தொல்லை ஒழிஞ்சுது" என்றாள் கமலம்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. டாக்டர் ஷர்மிளா வேகமாக உள்ளே வந்தார். ரவுண்ட்ஸ் நேரமே இல்லை.

"டெங்கு இல்ல, டைபாய்டு இல்ல, மலேரியாவும் இல்ல. பிளேட்லெட் மட்டும் கம்மியாகிட்டே போகுது. இன்னொரு தடவை முழுசாப் பார்த்துடறேன்."

திரையை இழுத்துவிட்டார். கை, கால், வயிறு எல்லாம் பார்த்தார். எழிலரசியின் முடியை ஒதுக்கி, காதுக்குப் பின்னால் டார்ச் அடித்தார்.

மிளகு அளவுக்கு ஒரு கறுத்த பொருக்கு. சுற்றிலும் சிவப்பு.

"வீட்ல ஆடு இருக்கா?"

"எட்டு இருக்கு மேடம். காலைல இவதான் அவுத்து விடுவா" என்றான் சம்பத்.

"உண்ணி கடிச்சிருக்கு. அது விழுந்துடுச்சு. கிருமி உள்ள தங்கிடுச்சு."

"ரத்தத்துல ஒண்ணுமே இல்லன்னு சொன்னீங்களே?"

"இது ரத்தத்துல சும்மா மிதக்கிற கிருமி இல்ல சம்பத். ரத்தக்குழாயோட உள்சுவர்ல இருக்கிற செல்லை ஏமாத்தும். செல்லே அதை உள்ள இழுத்துக்கும். உள்ள போனதும் அந்தச் செல்லோட சத்தைத் தின்னு பெருகும். அப்புறம் அந்தச் செல்லுக்குள்ள இருக்கிற நார் இழையையே பிடிச்சுத் தள்ளிக்கிட்டு பக்கத்துச் செல்லுக்குத் தாவிடும். குழாய் கசிய ஆரம்பிக்கும். இதோ, உள்ளங்கையில இருக்கிற சிவப்புப் புள்ளியெல்லாம் அதான்."

"அப்ப இவ்வளவு நாள் போட்ட ஊசி?"

"அந்த மருந்து செல்லுக்கு வெளியிலேயே நின்னுடும். இப்ப குடுக்கிறது உள்ளயே போய் அடிக்கும். டெஸ்டுக்கு அனுப்பறேன். ஆனா ரிசல்ட் வரட்டும்னு காத்திருக்க மாட்டேன். இப்பவே ஆரம்பிக்கிறேன்."

மறுநாள் காலை ஜுரம் நூற்றொன்று. ராத்திரி நூறு. அதற்கடுத்த நாள் விடியும்போது நெற்றி சில்லென்று இருந்தது.

"அம்மா, பசிக்குது. காரச் சட்னி வச்சு ரெண்டு இட்லி" என்றாள் எழிலரசி.

கமலம் அழுதுகொண்டே சிரித்தாள். எதிர்க்கட்டிலில் இருந்த ஒரு அம்மா கை தட்டினார். சம்பத் போனில் ஊரையே கூப்பிட்டான். "பொழைச்சுட்டாடா! எழிலு பொழைச்சுட்டா!"

டெஸ்ட் ரிசல்ட்டும் வந்தது. உண்ணிக் காய்ச்சலேதான். எழிலரசி யார் கையையும் பிடிக்காமல் வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்து காட்டினாள்.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு சம்பத், ஆற்காடு மக்கன் பேடா ஒரு பெரிய டப்பாவோடு டாக்டர் ஷர்மிளாவின் அறைக்குப் போனான்.

"எல்லாரும் ரத்தத்துல தேடிட்டு இருந்தாங்க. நீங்க ஒருத்தர்தான் காதுக்குப் பின்னாடி பார்த்தீங்க. நீங்க தெய்வம் மேடம்!"

ஷர்மிளா டப்பாவை அவன் பக்கமே நகர்த்தினார்.

"இது எனக்குச் சேர வேண்டியது இல்ல சம்பத். கீழ் வார்டுல ஜெயசீலன்னு ஒருத்தர், சம்சாரத்தைச் சேர்த்திருக்கார். அவருக்குக் குடுங்க. ஆம்பூர் தோல் பேக்டரில வேலை. ஒவ்வொரு தோலா வெளிச்சத்துல பிடிச்சு, உண்ணி கடிச்ச தடம் இருக்கான்னு பார்த்து ஒதுக்குவாராம். இருபத்தாறு வருஷமா அதுதான் வேலை."

"பக்கத்துக் கட்டில்ல இருந்தாரே, அவரா மேடம்?" என்றான் சம்பத்.

"அவர்தான். உங்க தங்கச்சிக்குக் காதோரம் அந்தத் தடம் இருக்கிற மாதிரி தெரிஞ்சதாம். நிச்சயமாத் தெரியாம சொல்லக் கூடாதேன்னு கிட்டப் போய்ப் பார்த்தாராம். அன்னைக்கு அதைச் சொல்லத்தான் என் ரூமுக்கு மூச்சிரைக்க ஓடி வந்தார். கன்னத்துல அஞ்சு விரலும் அப்படியே பதிஞ்சிருந்தது. 'யார் அடிச்சா?'ன்னு கேட்டேன்."

"இன்னா சொன்னார் மேடம்?"

"'அவன் நல்ல அண்ணன் டாக்டரம்மா. நீங்க முதல்ல அவன் தங்கச்சியைக் காப்பாத்துங்க'ன்னார்."