மட்கார்டுக்குள்ளே நாலு சாமான்

“கையை எடுங்க மாப்பிள்ளை. எது என்னன்னு நான் சொன்ன பிறகு தொடுங்க.”

மாமா நாற்காலியைக் கார் ஷெட்டுக்கே கொண்டுவந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிஸ்கட் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். உடைந்த பிஸ்கட்டைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு, உலகத்தில் வேறு எதுதான் தெரியாமல் இருக்க முடியும்?

மாப்பிள்ளை கையை எடுக்கவில்லை. எடுக்க நேரமில்லை. நாலு மணிக்குள் மலைப்பாதைப் பந்தயத்தின் சோதனை மைதானத்தில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஒரு நிமிடம் தாமதமானாலும் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். இரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த இடம். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லப்போவது அவன் மனைவி, மாமாவின் மகள். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் காலையிலிருந்து சாப்பாடே இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

இப்போது மணி இரண்டே முக்கால். பந்தயத்துக்கென்று மாட்டிய பெரிய டயர், ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால், மட்கார்டுக்கு உள்பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் லைனரில் உரசியது. லைனரை ஓர் அங்குலம் உள்ளே தள்ளினால் போதும். ஆனால் அதற்குப் பின்னால் குடியிருக்கும் சாமான்கள் இடம் கொடுக்க வேண்டுமே. சக்கரத்தைக் கழற்றி, கிளிப்புகளைப் பிடுங்கி, லைனரையும் உருவி வைத்திருந்தான்.

“உள்ளே ஒரே இருட்டு. உன் போனைக் கொண்டா” என்றான் மனைவியிடம்.

“ரெண்டு போனும் சார்ஜ்ல கிடக்கு. வழியில வேணுமில்ல?”

“என் போனைப் பிடிம்மா” என்று மாமா பெருந்தன்மையாக நீட்டினார். “உங்க போன் டார்ச்செல்லாம் மின்மினிப்பூச்சி.”

வெளிச்சம் விழுந்ததும் வெள்ளையாக ஒரு டேங்க் தெரிந்தது.

“பிரேக் ஆயில் டேங்க்” என்றார் மாமா. “ஜாக்கிரதை. லேசா அசைஞ்சாலும் பிரேக் போயிடும்.”

“கண்ணாடி கழுவுற தண்ணி மாமா.”

“சில வண்டியில அப்படியும் வைப்பான்.”

அடுத்து நத்தை மாதிரி சுருண்ட ஒன்று.

“இது ஏசி கம்ப்ரசர். ரொம்ப மென்மையான ஐட்டம்.”

மாப்பிள்ளை எட்டி ஸ்டியரிங் நடுவில் ஓர் அழுத்து அழுத்தினான். நத்தை அலறிய அலறலில் மாமா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

“கம்ப்ரசருக்கு நல்ல தொண்டைப்பா” என்றாள் மகள்.

மூன்றாவதாக ஒரு பெரிய கறுப்பு டப்பா. பெட்ரோல் வடிகட்டி என்று மாமா தீர்ப்பு எழுதினார்.

“இல்ல மாமா. இன்ஜினுக்குப் போற காத்தோட சத்தத்தைக் குறைக்கிற டப்பா. உள்ளே ஒண்ணுமே கிடையாது.”

“உள்ளே ஒண்ணுமில்லாததுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?”

மகள் அப்பாவை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். “இருக்கும்பா” என்றாள்.

டேங்க் இரண்டு விரல் முன்னால் போனது. ஹார்ன் ரேடியேட்டர் பக்கம் குடிபெயர்ந்தது. டப்பா மேலே ஏறியது. ஒவ்வொரு போல்ட் இறுகும்போதும் மகள் குதிகாலில் எம்பி எம்பி நின்றாள். மணி மூன்று இருபது. லைனரை வைத்துப் பார்த்தான். எல்லா இடமும் படிந்தது, ஓரிடத்தைத் தவிர.

“இன்னும் என்னவோ தடுக்குது. வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே காட்டு.”

தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஒன்று. ஒயர் கொத்தோடு சேர்த்து டேப் சுற்றி ஒட்டப்பட்டிருந்தது.

“இது கம்பெனி புத்தகத்துப் படத்துலயே இல்லையே.”

மாமா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “அதை மட்டும் தொடாதீங்க மாப்பிள்ளை.”

“என்ன மாமா இது?”

“பாதுகாப்புக் கருவி. வண்டியோட உயிரே அதுலதான் இருக்கு. போன மாசம் நீங்க வெளியூர் போனப்ப சர்வீசுக்குக் கொண்டுபோனது யாரு? நான்தானே? பக்கத்துலயே நின்னு பார்த்தேன்.”

“நின்னு பார்த்துதான் ஹார்னைக் கம்ப்ரசர்னீங்களாப்பா?”

“நீ சும்மா இரும்மா. மாப்பிள்ளை, சொன்னாக் கேளுங்க. கழட்டினீங்கன்னா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. பந்தயம் போச்சு.”

“கழட்டி எறியலை மாமா. நாலு அங்குலம் மேல ஏத்தணும், அவ்வளவுதான். ஒயர் எட்டலை. உருவி அந்தப் பக்கமா விட்டு மறுபடி செருகிடறேன்.”

“டயர் உரசினா உரசட்டுமே. என்ன கெட்டுப்போச்சு?”

“மலை வளைவுல டயர் வெடிச்சா நாங்க ரெண்டு பேரும்தான் மாமா கெட்டுப்போவோம்.”

“ஏங்க, மணி மூணு இருபத்தஞ்சு” என்றாள் மகள். “அப்பா சொல்றதை எல்லாம் கேட்டா நாம பந்தயத்துக்குப் பஸ்லதான் போகணும்.”

மூன்று தடவை தப்பாகச் சொன்னவரை நாலாவது தடவை நம்புவதற்கு யாருக்கும் அவகாசமில்லை. மாப்பிள்ளை டேப்பைக் கிழித்தான். மாமாவின் நெற்றியில் வியர்வை அரும்பியது. ‘டக்’ என்று ஒயர் கையோடு வந்தது. மகள் உள்ளே கைவிட்டுச் சாவியைத் திருப்பினாள். வண்டி உற்சாகமாக உறுமியது.

“உயிர் இருக்குப்பா” என்று சிரித்தாள்.

அப்போது அவள் கையிலிருந்த போன் ஒரு தடவை அதிர்ந்தது.

“உங்களுக்கு ஏதோ மெசேஜ்ப்பா.”

“கொடு இப்படி. நான் அப்புறமா பார்த்துக்கறேன்.”

“கண்ணாடி இல்லாம எப்படிப் பார்ப்பீங்க? நானே படிக்கிறேன்” என்றவள், நல்ல சத்தமாகவே படித்தாள்:

“எச்சரிக்கை. நீங்கள் கண்காணிக்கும் வண்டியிலிருந்து கருவி கழற்றப்பட்டுள்ளது. வண்டியின் பெயர்: மாப்பிள்ளை. கடைசியாக இருந்த இடம்: உங்கள் வீடு.”