கை தவறிடுச்சு

“மேடம், சார் சோக்டு டு தி ஸ்கின். ஷீட் எல்லாம் மாத்திட்டேன். இன்னும் ரெண்டு ஷீட் வாங்கிட்டு வாங்க.”

அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்த ஹோம் நர்ஸ் போனில் இப்படிச் சொன்னதும் மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜவுளிக்கடையில் அவள் மாடி சூப்பர்வைசர். வேலை நேரத்தில் போன் எடுத்தால் முதலாளி முறைப்பார். துணி மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கி நின்றுதான் பேசவேண்டும்.

“என்னது? தமிழ்ல சொல்லுங்க.”

“சோக்டு டு தி ஸ்கின், மேடம்.” மறுபடியும் அதே கிளிப்பிள்ளைப் பாடம்.

பக்கத்தில் அப்பாவின் முனகல் கேட்டது. உடனே நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பிக் குழைந்தாள். “மன்னிச்சுக்கங்க ஐயா. ஜக்கை வைக்கும்போது கை தவறிடுச்சு. தண்ணி பூரா உங்க மேல கொட்டிட்டேன்.”

கல்லாவில் இருந்த அக்காவிடம் மகள் அர்த்தம் கேட்டாள்.

“அதுவா? தொப்பலா நனைஞ்சவங்கள அப்படிச் சொல்லுவாங்கடி. ஏன், உங்க வீட்டுக்குள்ள மழை பெய்யுதா?”

அக்கா சிரித்தாள். மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வாரத்தில் ஜக்கு கை தவறுவது இதோடு மூன்றாவது தடவை.

அப்பா லேசுப்பட்ட ஆள் இல்லை. பஸ் டிப்போவில் அத்தனை டிரைவர்களையும் அதட்டி வேலை வாங்கியவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்ததிலிருந்து படுக்கையே கதி. அப்படிப்பட்ட மனுஷன் மேல் ஒருத்தி தண்ணியைக் கொட்டுவாளாம், அதை இங்கிலீஷில் வேறு அறிக்கை வாசிப்பாளாம்!

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ஒரு ஜக்கை ஒழுங்கா வைக்கத் தெரியாது. வாயில மட்டும் இங்கிலீஷ். யார்கிட்ட பந்தா காட்டறீங்க?”

நர்ஸ் புடவைத் தலைப்பில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். “மேடம், கொஞ்சம் வெளியில வாங்களேன். தனியா ஒண்ணு சொல்லணும்.”

“எதுவா இருந்தாலும் இங்கயே சொல்லுங்க. எங்கப்பாவுக்குத் தெரியாம இந்த வீட்ல ஒரு ரகசியமும் கிடையாது.”

நர்ஸ் கட்டிலைப் பார்த்தாள். அப்பா மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணுமில்ல மேடம். என் கவனக்குறைவுதான்.”

“அதை உங்க ஏஜென்சியில போய்ச் சொல்லுங்க.”

மகள் அங்கேயே நின்று ஏஜென்சிக்குப் போன் போட்டாள். மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தாள். மறுமுனையில் பவ்யமாகப் பதில் வந்தது. “இப்படிப் புகார் வந்தா வெச்சுக்க மாட்டோம் மேடம். இனிமே எந்த வீட்டுக்கும் அவங்கள அனுப்பறதா இல்ல. நாளைக்கே வேற ஆள் வருவாங்க.”

நர்ஸ் முகம் வெளுத்துவிட்டது. “மேடம், இந்த வேலைய நம்பித்தான் என் குடும்பம்...” என்று ஆரம்பித்தவள், மேற்கொண்டு கெஞ்சவில்லை. பையை எடுத்துக்கொண்டாள்.

“வரேங்கய்யா. வேளாவேளைக்குச் சாப்பிடுங்க.”

“இந்தாம்மா...” என்று அப்பா கூப்பிட்டார். அவள் நின்றாள். மகளும் என்ன என்பதுபோல் பார்த்தாள். அப்பா மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தார். “ஒண்ணுமில்ல. போயிட்டு வா.”

அப்பாவுக்கு இளகின மனசு, அதுதான் தடுக்கப் பார்க்கிறார் என்று மகள் நினைத்துக்கொண்டாள். விளக்கை ஏற்றிவிட்டுக் காப்பி போடப் போனாள். பெரிய தலைவலி விட்டதுபோல் இருந்தது.

மறுநாள் அவளுக்குக் கடை விடுமுறை. புதிய நர்ஸ் வந்து சேர்ந்தாள். நல்ல திடகாத்திரமான ஆள், சுறுசுறுப்புக்குக் குறைவில்லை. ஜக்கை மேஜையில் பத்திரமாக வைத்ததைப் பார்த்து மகளுக்குத் திருப்தி. ‘ஆள்னா இப்படி இருக்கணும்’ என்று சமையலறையில் காய் நறுக்க உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம். தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

“அம்மா! உங்கப்பா படுக்கையிலயே ஒண்ணுக்குப் போயிட்டாரு! எல்லாம் நாறுது, ஓடியாங்க!”

எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலை எட்டிப் பார்த்தது. மகள் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

“ஏங்க இப்படிக் கத்தறீங்க? மெதுவாச் சொல்லக் கூடாதா?”

“எனக்கு ஒளிச்சு மறைச்சுப் பேச வராதும்மா. நோயாளிக்குக் கூச்சமா இருக்கும், அதனால படுக்கையை நனைச்சா வீட்டுக்காரங்ககிட்ட ‘சோக்டு’ன்னு இங்கிலீஷ்ல சொல்லுங்கன்னு ஏஜென்சியில சொல்லித்தான் குடுத்தாங்க. அதெல்லாம் யாரு ஞாபகம் வெச்சுக்கறது?”

ஏஜென்சிக்குப் போன் போட மகள் போனை எடுத்தாள். போட்டு மட்டும் என்ன சொல்வது?

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முதுகு குலுங்கியது.

“அப்பா... அவங்க தண்ணி கொட்டவே இல்லையா?”

“ஒரு நாளும் கொட்டலம்மா. எனக்காகத்தான் அவ அந்தப் பழியைச் சுமந்தா. என் மானம் போயிடுமேன்னு, அவ பொழப்பு போறதைப் பாத்துக்கிட்டு நான் வாய மூடிப் படுத்திருந்தேன்.”